போ பிளானா, ஸ்டெல்லா மட்டுட்டினாவா?

மொரீஷியஸில் இருக்கும் நமக்குப் பாம்ப்ளமூஸ் பக்கத்து போ பிளான் சர்க்கரை ஆலை பழகிய இடம். 1999இல் ஆலை நின்றது, 2002இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பக்கத்துத் தீவான ரியூனியனில், செயின்ட் லூ மேட்டிலுள்ள ஸ்டெல்லா மட்டுட்டினா 1978இலேயே மூடிய ஆலை. 1991இல் அருங்காட்சியகமாகி, பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு 2015இல் மறுபடி திறந்தது.

இரண்டிலும் பழைய இயந்திரங்கள் உண்டு. ஆனால் போ பிளானில் கரும்பின் கதையோடு தீவின் கதையும், அடிமைகளும் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரும் பட்ட பாடும் சேர்ந்தே வருகிறது, அதைப் படித்துக்கொண்டு நடக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிடும். கடைசியில் விதவிதமான சர்க்கரையை ருசி பார்க்கலாம், வேண்டுமானால் ரம்மும். அப்புறம் பக்கத்திலேயே தாவரவியல் பூங்கா, ராட்சத அல்லி இலைகள்.

ஸ்டெல்லாவில் 4டி திரையரங்கு இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ரியூனியனில் தமிழ் வம்சாவளியினரை மல்பார் என்பார்கள். ஆலைகளை ஒட்டி அவர்கள் எழுப்பிய கோயில்களையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டில் ஒன்றைப் பார்க்கத்தான் நேரம் என்றால் நான் போ பிளானுக்கே போவேன். விமானச் செலவும் இல்லை.