ஆறு வருடமாக ஸ்கானில் தாடையெலும்பு அளந்ததில் தெரிந்துகொண்டவை

வெள்ளவத்தையில் என்னுடையது இரண்டு கதிரை போட்ட சின்னப் பல் கிளினிக். தாடையை முப்பரிமாணத்தில் எக்ஸ்ரே எடுக்கும் கோன் பீம் ஸ்கான் மெஷினைச் சொந்தமாக வாங்கும் வசதி அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நோயாளியை வெளியே ஒரு ஸ்கான் சென்டருக்கு அனுப்புவேன். வருகிற சீடியை மடிக்கணினியில் போட்டு, தாடையெலும்பின் உயரத்தையும் அகலத்தையும் நானே அளந்து, இழந்த பல்லுக்குப் பதிலாக எலும்பில் திருகிப் பதிக்கும் இம்ப்ளாண்டுக்குத் திட்டம் போடுவேன். தொடங்கி ஆறு வருடமாகிறது. எப்படிப் போகிறது என்று ஜூனியர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அதனால் எழுதுகிறேன்.

அதற்கு முன்பு எல்லாம் ஓபீஜீ என்ற தட்டை எக்ஸ்ரேதான். முழுத் தாடையையும் ஒரே படத்தில் விரித்துக் காட்டும், ஆனால் உருவம் நிஜத்தைவிடப் பெரிதாக விழும். எவ்வளவு பெரிதாக என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆகவே 5 மில்லிமீற்றர் ஸ்டீல் பந்தொன்றை மெழுகில் பதித்து வாயில் வைத்துப் படம் எடுத்து, பந்து எந்த அளவில் விழுந்திருக்கிறது என்று பார்த்து வகுத்துக்கொள்வோம். உயரம் ஓரளவு கிடைத்துவிடும். அகலத்துக்கு அதில் வழியே இல்லை. விரலால் தடவிப் பார்ப்போம், இல்லையென்றால் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, கூர்முனைக் கலிப்பரை ஈறு வழியாக எலும்பு வரை குத்தி அளப்போம்.

ஸ்கானின் அருமையை எனக்குக் காட்டியவர், கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பல வருடங்களுக்கு முன்பே இழந்திருந்த ஒரு அன்ரி. ஓபீஜீக் கணக்கில், கீழ்த் தாடைக்குள் நரம்பு ஓடும் கால்வாய் வரை 14 மில்லிமீற்றர் இருந்தது. கால்வாய்க்கு மேலே 2 மில்லிமீற்றர் விட்டாலும் 12 மிஞ்சும், தாராளம். ஸ்கானின் குறுக்குவெட்டைத் திறந்தால் எலும்பு கஜுக்கொட்டை மாதிரி வளைந்து கிடக்கிறது. நாக்குப் பக்கம் நன்றாகக் குழிந்திருந்தது. நேராகத் துளைத்திருந்தால் 10 மில்லிமீற்றரிலேயே டிரில் எலும்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கும். அந்தப் பக்கம் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அங்கே வெட்டுப்பட்டால் நாக்குக்கு அடியில் இரத்தம் தேங்கி வீங்கி, மூச்சையே அடைக்கலாம். 8 மில்லிமீற்றர் நீள இம்ப்ளாண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

“போன முறை எலும்பு தாராளமா இருக்கெண்டு சொன்னீங்களே டொக்டர்?” என்றார் அன்ரி. உயரம் இருக்கிறது, வடிவம்தான் சரியில்லை என்று திரையைத் திருப்பிக் காட்டினேன்.

இனி நான் சறுக்கிய கதை. மென்பொருளில் முதலில் தாடையின் வளைவை ஒட்டி ஒரு கோடு வரைய வேண்டும். அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாகத்தான் அது குறுக்குவெட்டுகளைப் போடும். ஒரு நாள் அவசரத்தில், கோரைப்பல் திருப்பத்தில் வளைவை ஒழுங்காகப் பின்பற்றாமல் கோட்டை இழுத்துவிட்டேன். அகலம் 6.93 என்று காட்டியது. 4.1 மில்லிமீற்றர் விட்டமுள்ள இம்ப்ளாண்ட் வாங்கி வைத்தேன். ஈறைத் திறந்து கலிப்பர் வைத்தால் 6தான். வாழைக்காயைச் சரிவாக வெட்டினால் வில்லை பெரிதாக வருமே, அதே கதைதான். 30 பாகை சரிந்தால் 6 மில்லிமீற்றர் கிட்டத்தட்ட 7 ஆகிவிடும். இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீற்றர்கூட மிஞ்சாது என்பதால் 3.3 மில்லிமீற்றருக்கு இறங்க வேண்டியிருந்தது. நல்ல வேளை, அலுமாரியில் ஒன்று இருந்தது.

அன்றிலிருந்து அந்த இரண்டு தசமத்தை நான் மதிப்பதில்லை. படத்தை ஆக்கும் சின்னக் கட்டம் ஒன்றே 0.2, 0.3 மில்லிமீற்றர் இருக்கும்போது 6.93 என்பதற்கு என்ன அர்த்தம்? கோட்டை மூன்று தடவை புதிதாக வரைந்து அளக்கிறேன். மூன்றில் குறைந்ததைத்தான் எடுப்பேன்.

எலும்பின் அடர்த்தியைக் கலர் கலராகக் காட்டும் வசதியும் இருக்கிறது. நோயாளிகளுக்கு அது மிகவும் பிடிக்கும். நான் அணைத்து வைத்திருக்கிறேன். மருத்துவமனை சீடீ ஸ்கானில் வருகிற அடர்த்தி எண்கள் போல கோன் பீமின் சாம்பல் நிறத்தை நம்ப முடியாது. மெஷின் மாறினால் எண் மாறும், பக்கத்துப் பல்லுக்கு உலோகக் கிரவுண் (உறை) போட்டிருந்தாலும் மாறும். எலும்பு கெட்டியா, பஞ்சா என்பதை டிரில் பிடித்த கை சொல்லும்வரை நான் எதையும் முடிவு செய்வதில்லை.

மேல் முன்பற்களில் இன்னொரு சிக்கல். உதட்டுப் பக்க எலும்பு பலருக்கு ஒரு மில்லிமீற்றர்கூட இராது. படத்தில் அது சில நேரம் மறைந்தே போகும், அதற்காக எலும்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. த்ரீடி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளில் தாடையின் மாதிரி செய்தபோது அந்த இடமெல்லாம் சல்லடை போல ஓட்டையாக வந்தது. அந்த மென்பொருள் ஆராய்ச்சிக்கானது, சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்றதல்ல. நான் அதில் செய்யும் மாதிரிகளை நோயாளிக்கு விளக்க மட்டும் வைத்திருக்கிறேன்.

அப்புறம் சில்லறைத் தொல்லைகள். புது மடிக்கணினியில் சீடி போட இடமே இல்லை, தனி டிரைவ் ஒன்று வாங்கினேன். 2022இல் 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது, இரவில் பற்றரி தீரும்வரை அளந்துவிட்டுப் படுத்த நாட்களும் உண்டு. கை நடுங்கும் வயதானவர்கள் ஸ்கான் ஓடும் நேரத்துக்குள் தலையை ஆட்டிவிட்டால் எலும்பின் விளிம்பு இரட்டைக் கோடாக விழும். அந்தப் படத்தில் எதையும் அளக்காதீர்கள். கதிர்வீச்சைப் பற்றிக் கேட்பவர்களுக்கு, தேவையான பகுதியை மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன் என்பேன். அதையே செய்யவும் வைக்கிறேன்.

இப்போது ஸ்கான் துண்டில் மூன்று வரி எழுதித்தான் அனுப்புகிறேன். அச்சடித்த படம் போதாது, அளக்கக்கூடிய மூலப் படங்களான டைக்கம் கோப்புகள் வேண்டும். மேல், கீழ்ப் பற்கள் ஒன்றோடொன்று தொடாமல் வாயைச் சற்றுத் திறந்து வைத்து எடுக்க வேண்டும். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் பஞ்சுருளை வைக்க வேண்டும், அப்போதுதான் ஈறின் தடிப்பும் தனியாகத் தெரியும். மூன்றாவது வரியைப் பாதிப் பேர் இன்னும் படிப்பதில்லை. போன கிழமை பஞ்சுருளைகளைச் சின்னப் பையில் போட்டு நோயாளியின் கையிலேயே கொடுத்துவிட்டேன்.