சிவப்புப் பார்கோடும் ஆறு மாதப் பயிற்சியும்

டிசைன் படிப்பின் ஏழாம் பருவத்தை ஒரு பேக்கேஜிங் நிறுவனத்தில் பயிற்சியாளராகக் கழித்தேன். பெயர் வேண்டாம். ஜூனியர்கள் ஆளாளுக்கு விசாரிப்பதால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

முதல் ஆறு வாரமும் புட்டிப் படங்களைப் பின்னணியிலிருந்து வெட்டியெடுக்கும் வேலை. நானூறு புட்டிகளுக்கு மேல் இருக்கும். எனக்கென்று நியமித்த வழிகாட்டியை இரண்டு முறைதான் பார்த்தேன். இரண்டாம் முறை என் பெயரைக் கேட்டார். கல்லூரிக்குக் காட்டவேண்டிய வாராந்தரக் குறிப்பேட்டில் அவருடைய கையெழுத்துகள் அத்தனையும் ஒரே நாளில், ஒரே பேனாவில் விழுந்தன.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். அந்த மூன்றும், கோப்புகளை அச்சுக்கு அனுப்புமுன் சரிபார்க்கும் அண்ணனுக்கு.

ஏழாம் வாரம் ஒரு சோப்பு அட்டைப்பெட்டி என் கைக்கு வந்தது. வெள்ளையும் சிவப்புமாக அமைத்தேன். அழகு கெட்டுவிடுமே என்று பார்கோடையும் சிவப்பாக்கினேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மாதிரியை அச்சடித்தார், இழுப்பறையிலிருந்து ஸ்கேனரை எடுத்து என்னிடம் நீட்டினார். அழுத்தினேன், சத்தமே இல்லை. சாய்த்தேன், நெருக்கினேன். ஊஹூம்.

"அதிலிருந்து வருகிற வெளிச்சம் என்ன நிறம், பாரம்மா."

சிவப்பு. அந்த வெளிச்சத்துக்குச் சிவப்புக் கோடும் வெள்ளை அட்டையும் ஒன்றுதான். கோடுகளைக் கறுப்பாக்கியதும் 'பீப்' என்றது. அத்தோடு முடியவில்லை. பார்கோடின் இரு பக்கமும் விடவேண்டிய வெற்றிடத்தில் ஓர் இலையை நுழைத்திருந்தேன். பொடி எழுத்துகளுக்கு, வண்ண அச்சின் நான்கு மையும் கலந்த கறுப்பைக் கொடுத்திருந்தேன். நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனியே அச்சாவதால், தாள் மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தோரத்தில் வண்ணம் பிதுங்கும் என்று பழைய அட்டை ஒன்றை லென்ஸின் கீழ் வைத்துக் காட்டினார். கறுப்பு மை மட்டும் போதுமாம். மூன்று ஆண்டுகளில் வகுப்பில் நாங்கள் சமர்ப்பித்த பெட்டிகளை யாரும் ஸ்கேன் செய்து பார்த்ததில்லை. பார்த்திருந்தால் எத்தனை பேர் தேறியிருப்போமோ!

வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. வண்ணம் நீளவேண்டும் என்பதும் வகுப்பில் ஒப்பித்ததுதான். கத்தி விலகி, ஓரத்தில் வெள்ளைக் கீற்றோடு கழிக்கப்பட்ட அட்டைக்கட்டைத் தூக்கிச் சுமந்த அன்றுதான் அது மண்டையில் ஏறியது.

உதவித்தொகை பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாகப் போயிற்று. பெரிய குறை வேறு. அங்கே செய்த எதையும் வெளியில் காட்டக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்ததைக் கடைசி வாரத்தில்தான் படித்தேன். கையெழுத்திட்டது முதல் நாள்! தவறு என்னுடையது. பொருள் கடைக்கு வந்தபிறகாவது போர்ட்ஃபோலியோவில், அதாவது வேலை தேடும்போது காட்டும் படைப்புத் தொகுப்பில், சேர்க்கலாமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள்.

போவதென்று முடிவு செய்தால், அச்சு அறையை ஒட்டிய மேசையைக் கேளுங்கள். குளிர்சாதனக் காற்று அங்கே எட்டாது, மை வாடை தலையைக் கிறுகிறுக்க வைக்கும். அண்ணன் எட்டரைக்கே வந்துவிடுவார்.