பழைய ஆட்டோமேட்டிக் கார்: நின்ற இடத்தில் சூடேற்றுவதா, உருட்டிச் சூடேற்றுவதா?

மார்கழி விடியலில் சென்னை எவ்வளவு குளிர்ந்தாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஜனவரி ஊட்டி பூஜ்ஜியத்தைத் தொடும், அது வேறு கணக்கு. அப்படியிருந்தும் ராயபுரம் சந்துகளில் பத்துப் பதினைந்து வருட ஆட்டோமேட்டிக்கை ‘பி’யில் (பார்க்) போட்டுப் பத்து நிமிடம் ஓடவிடுகிறவர்கள் உண்டு. பெட்ரோல் செலவு, பக்கத்து வீட்டு முணுமுணுப்பு இரண்டையும் விட்டுவிடலாம். கியர்பாக்ஸுக்கு அதனால் என்ன பயன்? ஏறக்குறைய ஒன்றுமில்லை. என் ஓட்டு உருட்டுவதற்கே. (மேனுவல் கியரையே தானாக மாற்றும் ஏஎம்டி கார்களில், எஞ்சின் சக்தியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரே கிடையாது, இந்தப் பேச்சு அவற்றுக்கில்லை.)

சூடு எங்கே பிறக்கிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். ‘பி’யில் நிற்கும்போது கன்வெர்ட்டருக்குள் எஞ்சின் சுழற்றும் இம்பெல்லரும் கியர்பாக்ஸ் பக்கத்து டர்பைனும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் சுற்றும். இரண்டுக்கும் வேக வித்தியாசம் இருந்தால்தான் நடுவில் மாட்டும் ஆயில் கடைபட்டுச் சூடாகும். ரேடியேட்டர் வழியாகவாவது சூடு வருமே என்பார்கள். கியர் ஆயில் கூலர் பல கார்களில் ரேடியேட்டர் தொட்டிக்குள் இருப்பது உண்மைதான். ஆனால் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் திறக்கும் வால்வு) திறக்கும்வரை எஞ்சின் சுடுநீர் அந்தப் பக்கமே வராது. எஞ்சின் சூட்டு மீட்டர் முள் ஏறுகிறது, கியர்பெட்டிக்குள் ஆயில் குளிர்ந்தே கிடக்கிறது. வண்டி நகர்ந்தால், ஒவ்வொரு கிளம்பலிலும் கன்வெர்ட்டர் வழுக்குகிற வழுக்கலே ஆயிலைச் சூடேற்றிவிடும்.

நிற்க வேண்டியது ஒரே காரணத்துக்கு: குளிர்ந்த எஞ்சின் 1200, 1500 ஆர்பிஎம்மில் கத்தும்போது ‘டி’ (டிரைவ்) போட்டால் கியர்பாக்ஸின் கிளட்ச் பிளேட்டும் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்டும் அடி வாங்கும். ஆர்பிஎம் முள் 900க்குக் கீழே இறங்கட்டும். அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். பிரேக்கை மிதித்தபடி ‘டி’ போட்டு, கியர் பிடிக்கிற லேசான தட்டல் தெரிந்ததும் கிளம்பவும். முதல் 2, 3 கிலோமீட்டருக்கு ஆக்சிலேட்டர் மெதுவாக, 2000, 2500ஐத் தாண்டாமல். மேல் கியர் தாமதமாக விழுந்தால் பதற வேண்டாம், சூடேறும்வரை கம்ப்யூட்டரே பிடித்து வைக்கும்.

நம்ம பக்கச் சிக்கல், எண்ணூர் நெடுஞ்சாலையில் ஏறியதும் பின்னாலேயே கன்டெய்னர் லாரி வந்து நிற்கும், மெதுவாகப் போக விடாது. டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) கொஞ்சம் ஊர்ந்துவிட்டு அங்கே ஏறுவது நல்லது. சீக்கிரம் சூடாகட்டும் என்று பிரேக்கை அழுத்தியபடியே ‘டி’யில் ஆக்சிலேட்டரையும் மிதிப்பது மட்டும் கூடவே கூடாது. சில விநாடிகளிலேயே ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும்.

இந்த ஊர்க் குளிருக்கே ‘டி’ போட்டு இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் வண்டி பிடிக்கிறது என்றால் குற்றவாளி குளிர் இல்லை. ஆயில் குறைந்திருக்கும், கெட்டிருக்கும், இல்லாவிட்டால் உள்ளே சீல் இறுகியிருக்கும். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் குச்சி) பார்க்கும் முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹூண்டாயில் வண்டி சூடாகி எஞ்சின் ஓடும்போது, ஹோண்டாவில் சூடாக்கி எஞ்சினை நிறுத்தியதும் பார்க்க வேண்டும். கருகிய வாசனை கெட்ட செய்தி. இளஞ்சிவப்புப் பால் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, மழையில் முழங்கால் தண்ணீரில் நின்ற வண்டியானால் முதலில் இதைப் பாருங்கள்.

கியர் ஆயில் மாற்றும்போது டிரெயின் போல்ட் வழியே மொத்த ஆயிலில் பாதியோ அதற்கும் குறைவோதான் இறங்கும், மீதி கன்வெர்ட்டரில் தங்கிவிடும். சில நாள் ஓட்டி மறுபடி இறக்குங்கள். பல வருடம் தொடாத பெட்டிக்கு மெஷின் வைத்து மொத்த ஆயிலையும் தள்ளி மாற்றும் ஃப்ளஷ்ஷைவிட இதையே நான் நம்புவேன். இறங்கியதை அளந்து அதே அளவு ஊற்றி, பிறகு டிப்ஸ்டிக்கில் சரிபாருங்கள்.