போன் பீப்பா, டைரியா, சென்சாரா: அன்றாட மனநிலைத் தரவைச் சேகரிக்கப் பழகுபவர் எதில் தொடங்கலாம்?

மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் பிஎச்க்யூ-9 படிவம், போன இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று ஒரே மூச்சில் கேட்கிறது. நேற்று மதியம் என்ன மனநிலையில் இருந்தேன் என்றே எனக்கு உறுதியாகச் சொல்ல வராது, இதில் இரண்டு வாரத்துக்கு எங்கே போவது? வாழ்க்கை நடக்கும்போதே தரவைப் பிடிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. போனை நாளில் பல முறை பீப் அடிக்கவிட்டு அந்த நிமிடத்தைப் பற்றிக் கேட்பது, இரவில் ஒரு தடவை டைரி எழுதச் சொல்வது, எதுவுமே கேட்காமல் போன் சென்சாரை ஓடவிடுவது.

புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் சென்சார் பக்கம்தான் சாய்கிறார்கள். யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம், தரவு தானாகக் கொட்டும். டார்ட்மவுத் கல்லூரியில் 2013இல் நடந்த ஸ்டூடன்ட்லைஃப் ஆய்வு 48 மாணவர்களைப் பத்து வாரம் இப்படித்தான் பின்தொடர்ந்தது, இன்று இதற்கென்றே பெய்வி, மைண்ட்லாம்ப் மாதிரி மென்பொருள் தளங்களும் இருக்கின்றன. ஆனால் ஒருவர் மூன்று நாள் வெளியே போகவில்லை என்று ஜிபிஎஸ் சொன்னால், அவர் துவண்டு கிடந்தாரா, தேர்வுக்குப் படித்தாரா, காய்ச்சலா? அது தெரிய அவரைத்தான் கேட்க வேண்டும். ஸ்டூடன்ட்லைஃபும் சென்சாரோடு கேள்விகளையும் அனுப்பத்தான் செய்தது. போதாக்குறைக்கு ஆண்ட்ராய்டும் ஐபோனும் ஒரே விதமாகத் தரவு தருவதில்லை, பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போனே ஆப்பை நிறுத்திவிடும், நடுவே ஆறு மணி நேரம் காணாமல் போயிருக்கும். தொடங்குகிறவருக்கு இது வேண்டாத தலைவலி.

டைரி எளிது, பங்கேற்பவருக்கும் சுமை குறைவு. தூக்கம், மது குடித்த அளவு, அன்றைய சண்டை மாதிரி நாளுக்கு ஒரு முறை கேட்டால் போதும் என்கிற விஷயங்களுக்கு இதுவே சரி, பீப் அங்கே வீண். ஆனால் காகிதத்தில் மட்டும் வேண்டாம். உளவியலாளர் ஆர்தர் ஸ்டோனின் குழு 2002இல் நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் காகித டைரி கொடுத்து, அது எப்போது திறக்கப்படுகிறது என்று கண்டுபிடிக்க உள்ளே ஒளி சென்சாரையும் ஒளித்து வைத்தது. சரியான நேரத்தில் எழுதியதாகக் காட்டியவை 90 சதவீதம், உண்மையில் எழுதியவை 11 சதவீதம்! மின்னணு டைரியில் அது 94. இன்னொரு சிக்கல், இரவில் எழுதும்போது அந்த நேரத்து மனநிலை முழு நாளுக்கும் சாயம் பூசிவிடும். நாளை நிகழ்ச்சி நிகழ்ச்சியாகப் பிரித்து நினைவுகூரச் செய்யும் முறையை உளவியலாளர் டேனியல் கானமனின் குழு 2004இல் 909 பெண்களிடம் பயன்படுத்தியது, அது இந்தச் சிக்கலைக் கொஞ்சம் தணிக்கும், ஆனாலும் நினைவு நினைவுதான்.

என் ஓட்டு பீப்புக்கு. 1970களில் சிகாகோவில் உளவியலாளர் சிக்சென்ட்மிஹாயியின் குழு பேஜரை வைத்துத் தொடங்கியது, இன்று எம்-பாத் போன்ற ஆப்களில் ஒரு மாலையில் அமைத்துவிடலாம். காலை முதல் இரவு வரையிலான நேரத்தைப் பல துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டிலும் எதிர்பாராத ஒரு நேரத்தில் ஒலிக்க விடுங்கள். எப்போதும் ஒரே நேரத்தில் ஒலித்தால் ஆள் அதற்குத் தயாராகிவிடுவார், பத்து மணிக்கு பீப் வரும் என்று தெரிந்து சண்டையைக்கூட ஒத்திப்போடலாம். அடிக்கடி கேட்டால் சலித்துப்போவார்கள் என்று நானும் நினைத்தேன். ஆனால் ஐஸலே என்ற ஆய்வாளரின் குழு மாணவர்களிடம் நாளுக்கு 3, 6, 9 முறை என்றும், 30 கேள்வி, 60 கேள்வி என்றும் மாற்றிப் பார்த்ததில் சுமையைக் கூட்டியது கேள்விப் பட்டியலின் நீளம்தான், பீப்பின் எண்ணிக்கை அல்ல. ஆகவே அடிக்கடி கேளுங்கள், ஒவ்வொரு தடவையும் சில கேள்விகள் மட்டும் கேளுங்கள். "இந்த நொடி" என்று கேட்கிறீர்களா, "போன பீப்புக்குப் பிறகு" என்று கேட்கிறீர்களா என்பதையும் கேள்வியிலேயே தெளிவாக்கிவிடுங்கள், ஒரே பட்டியலில் இரண்டையும் கலந்து குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

பீப் தரவின் கஷ்டம் அலசலில் வரும். 50 பேர், ஏழு நாள், நாளுக்கு பத்து என்றால் 3,500 வரிசை கிடைக்கும், அது 3,500 தனித்தனி ஆள் அல்ல, ஒரே ஆளின் பதில்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். ஒரே ஆளின் பதில்களைச் சேர்த்துக் கணக்கில் எடுக்கும் பலநிலை மாதிரி (multilevel model) என்ற புள்ளியியல் முறை தெரியாமல் இதில் இறங்க வேண்டாம். இரவின் கடைசி பீப்பை மறுநாள் முதல் பீப்போடு சும்மா கோர்த்துவிடாதீர்கள், நடுவே ஒரு தூக்கம் இருக்கிறது. விட்டுப்போன பீப்புகளையும் பாருங்கள், மோசமான நேரங்களில்தான் ஆட்கள் பதில் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அப்புறம் ஒன்று. தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கப் போகிறீர்கள் என்றால் இரவு பதினோரு மணிக்கு வரும் "ஆமாம்" என்ற பதிலை யார் பார்ப்பார்கள், எப்போது பார்ப்பார்கள், என்ன செய்வார்கள் என்பதை முதல் பீப் போவதற்கு முன்பே எழுதி வைத்து, உடனுக்குடன் யாரும் கண்காணிப்பதில்லை என்றால் அதையும் பங்கேற்பவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அது முடிந்த பிறகு ஒரு வாரம் உங்களுக்கே பீப் வைத்துப் பாருங்கள். மூன்றாம் நாள் எரிச்சலாக வரும், எந்தக் கேள்வியை வெட்ட வேண்டும் என்று அப்போது தெரிந்துவிடும்.