பட்டறைக் கோடாலியா, ஸ்வீடன் கோடாலியா?

பண்டாரவளைப் பக்கம் எங்கள் வீட்டு அடுப்பு இன்னும் விறகில்தான் எரிகிறது. விறகு பிளக்க இரண்டு கோடாலிகள் இருக்கின்றன. ஒன்று டவுனில் உள்ள கொல்லப்பட்டறையில் அடித்தது. மற்றது நோர்வேயில் இருக்கும் மச்சான் கொண்டுவந்த ஸ்வீடன் நாட்டு கிரான்ஸ்போர்ஸ். முன்பு ஹார்ட்வெயார் கடையில் வாங்கிய ஒன்றும் இருந்தது. காம்பில் ரேகை குறுக்கே ஓடியதைச் சிவப்புப் பெயின்ட் மறைத்திருந்தது. இரண்டாம் மாதமே காம்பு முறிந்து தலை பறந்தது. பிள்ளைகள் பக்கத்தில் நிற்காதது தெய்வச் செயல்.

கிரான்ஸ்போர்ஸ் 1902இல் தொடங்கிய பட்டறை. தலைக்குப் பெயின்ட் பூசுவதில்லை. அடித்தவருடைய பெயரின் முதலெழுத்துகளைத் தலையிலேயே பொறிக்கிறார்கள். ஹிக்கரி மரக் காம்பில் ரேகை நேராக ஓடுகிறது. கொப்பு கழிக்கவும் ஆப்பு சீவவும் இதற்கு இணையாக நான் எதையும் பிடித்ததில்லை.

ஆனால் தேயிலைத் தூரில் இதை இறக்க மனம் வராது. பிடுங்கிய தேயிலையின் வேர்க்கட்டையில் முறுக்கோடு கல்லும் சிக்கியிருக்கும். மெல்லிய வாய் அதில் பட்டால் பல் விழும். அந்த வேலைக்கு ஆசாரியின் கோடாலிதான். மெல்லிரும்பை மடித்துக் காம்புக்குத் துளை விட்டு, வாயில் லொறி ஸ்பிரிங் பட்டையைச் செருகிக் காய்ச்சி ஒட்டியிருக்கிறார். தீட்டி வெயிலில் சாய்த்தால் இரும்பும் உருக்கும் சேர்ந்த கோடு மயிரிழையாகத் தெரியும். காய்ச்சிய வாயைத் தோய்த்துக் குளிரவைத்த பிறகு மறுபடி சூடு காட்டி, வாயில் வைக்கோல் நிறம் ஓடி வந்ததும் நிறுத்தினார். நீலம் ஏறினால் வாய் மென்மையாகிவிடும். அந்தச் சில நொடியில்தான் கோடாலியின் உயிர் இருக்கிறது.

இந்த மலைச்சரிவுக்கு உருக்கு புதிதல்ல. பலாங்கொடைக்கு அருகே சமனலவெவவில் தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாக்கி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உலை எரித்திருக்கிறார்கள்.

ஆசாரியின் கோடாலியில் குறையும் உண்டு. கொய்யாக் காம்பைப் பச்சையாகவே போட்டுத் தந்ததால் மாசி வெயிலில் அது சுருங்கித் தலை ஆடியது. நிழலில் காய்ந்த காம்பை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பட்டறைக்கே போங்கள்.

போன வருடம் கல்லில் பட்டுப் பட்டறைக் கோடாலியின் வாய் உடைந்தது. ஆசாரி அன்றைக்கே காய்ச்சி அடித்துத் தந்தார். ஸ்வீடன் கோடாலியில் பல் விழுந்தால் சரிசெய்வீர்களா என்று கேட்டேன். கையில் வாங்கி, விரலால் சுண்டி ஓசை பார்த்து, திருப்பித் தந்தார்.

"நல்ல சாமான் தம்பி. ஆனா அதோட சூடு எனக்குத் தெரியாது."