பாந்தனால் ஜாகுவார் பயணம்: ரூ. 6,40,000 போயிற்று, நீங்களாவது ஏமாறாதீர்கள்

பிரேசிலின் பாந்தனால் சதுப்புநிலத்தில் ஜாகுவார் (சிறுத்தையைப் போன்ற பெரிய புள்ளிப் பூனை) பார்க்கப் போய்விட்டுப் போன வாரம்தான் திரும்பினோம். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எங்களை ஏமாற்றியவர்கள் அடுத்த சீசனுக்கான முன்பதிவை இப்போதே திறந்து வைத்திருக்கிறார்கள். அதே படங்கள், அதே வாசகம்: "8 பேர் மட்டுமே. வனவிலங்கும் பண்பாடும்."

எனக்கும் என் அக்காவுக்கும் சேர்த்து ரூ. 6,40,000. விமானக் கட்டணம் இதில் சேராது. தரையில் கூட்டிப்போய்க் காட்டுவதற்கு மட்டும் வாங்கிய பணம் இது. அக்கா அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ராட்சத நீர்நாயை ஆற்றில் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. ஓய்வூதியப் பணத்திலிருந்து எடுத்துத்தான் தன் பங்கைக் கொடுத்தார்.

விற்றது சாகசப் பயணங்களைத் தொகுத்து விற்கும் ஒரு வெளிநாட்டு இணையத்தளம். நடத்தியது பிரேசிலில் இருக்கும் ஒரு பயண நிறுவனம். இரண்டின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. வங்கியில் ஒரு புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் இவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொன்னால் போதும், உங்களுக்கே அடையாளம் தெரியும்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மோசடி எங்கே நடந்தது என்பது புரியாது. பாந்தனால் உலகிலேயே மிகப் பெரிய வெப்பமண்டலச் சதுப்புநிலம். பெரும்பகுதி பிரேசிலில், மீதி பொலிவியாவிலும் பராகுவேயிலும். வடக்கு வாசல் குயாபா நகரம். அங்கிருந்து போகோனே என்ற சிற்றூர். போகோனேயிலிருந்து ட்ரான்ஸ்பாந்தநெய்ரா என்ற மண் சாலை தெற்கே சுமார் 145 கிலோமீட்டர் ஓடி, குயாபா ஆற்றங்கரையில் போர்ட்டோ ஜோஃப்ரேயில் முடிகிறது. வழியில் நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள், பலவும் மரப்பாலங்கள். ஜாகுவார் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் போவது அந்தக் கடைசி முனைக்குத்தான். அங்கிருந்து படகில் ஏறினால் ஆறுகள் கூடும் 'என்கோன்ட்ரோ தாஸ் ஆகுவாஸ்' பூங்கா. 2020-இல் பாந்தனாலில் பரவிய காட்டுத்தீயில் அந்தப் பூங்காவின் பெரும்பகுதி எரிந்தது, அப்புறமும் ஜாகுவார்கள் அங்கேதான் இருக்கின்றன. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை தண்ணீர் வற்றும் காலத்தில் அவை கரைக்கு வந்து கைமன் முதலைகளைப் பிடிக்கும். ஒரு படகோட்டி கண்டால் ரேடியோவில் மற்றவர்களுக்குச் சொல்வார்.

ஆக, இந்தப் பயணத்தின் விலையே அந்தக் கடைசி முனைக்கான விலைதான். எங்கள் பயணத் திட்டத்தில் போர்ட்டோ ஜோஃப்ரேயில் 4 இரவுகள் என்றும், காலை மாலை இரண்டு வேளையும் படகு என்றும் தெளிவாக எழுதியிருந்தது. அதற்கு மேல் 'பண்பாடு' என்ற தலைப்பில் ஆற்றோரம் வாழும் குவாத்தோ பழங்குடிக் கிராமத்தில் ஒரு நாள், மாட்டுப் பண்ணையில் ஒரு நாள், ஒற்றை மரத்துண்டைக் குடைந்து செய்யும் வியோலா தி கோஷோ என்ற நரம்புக் கருவியைச் செய்கிறவரின் பட்டறைக்குப் போவது.

நம்பிக்கை வந்த நேரத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத்தான் இவர்கள் மிகக் கச்சிதமாகச் செய்கிறார்கள். பணம் கட்டும் முன் காணொளி அழைப்பில் பேச வேண்டும் என்று நாங்கள் கேட்டோம். உடனே ஒப்புக்கொண்டார்கள். வந்தவர் நிறுவனத்தின் 'இயற்கை வல்லுநர்'. வரைபடத்தைத் திரையில் விரித்து ஒவ்வொரு இரவும் எங்கே தங்குவோம் என்று விரலால் காட்டினார். ஜாகுவார்களை நெற்றிப் புள்ளிகளை வைத்து ஒவ்வொன்றாக அடையாளம் வைத்திருப்பதையும், அவற்றுக்குப் பெயர் இருப்பதையும் சொன்னார். அக்கா சோதித்துப் பார்க்கத்தான் கேட்டார்: "நீர்நாய்களை எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வீர்கள்?" அவர் யோசிக்கவே இல்லை. "தொண்டையில் இருக்கும் வெள்ளைத் திட்டு. ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது" என்றார். சரியான பதில். அக்கா ஒலியை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "டேய், இந்த ஆளுக்கு விஷயம் தெரியுதுடா. பணத்தைக் கட்டிடு" என்றார்.

கட்டினோம். 20 சதவீதம், ரூ. 1,28,000, இணையத்தளத்தில் கடன் அட்டை மூலம். மீதி ரூ. 5,12,000-ஐ நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பச் சொன்னார்கள். அப்படி அனுப்பினால் தள்ளுபடி உண்டு என்றார்கள். அந்தத் தள்ளுபடி எதற்கு என்பது இப்போது தெரிகிறது. அட்டையில் கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பக் கேட்க ஒரு வழி இருக்கிறது. கணக்குக்கு அனுப்பிய பணம் போனது போனதுதான்.

குயாபா விமான நிலையத்தில் எங்களுக்காக நின்றது 8 பேருக்கான வண்டி இல்லை, பேருந்து. உள்ளே வேறு வேறு நிறுவனங்களின் பெயரில் பதிவு செய்த 20-க்கும் மேற்பட்டவர்கள். அந்த 'இயற்கை வல்லுநர்' வரவே இல்லை. வழிகாட்டியாக வந்த பையன் நல்லவன், ஆனால் போர்த்துக்கீசு மட்டும்தான் பேசுவான். கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டிக்கொண்டிருந்தான். போகோனேயைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், சாலையின் தொடக்கத்திலேயே ஒரு விடுதியில் இறக்கினார்கள். இன்று இங்கே தங்கிவிட்டு நாளை தெற்கே போவோம் என்று நினைத்தோம்.

மறுநாள் காலையில் வேறு கதை. மழையில் பாலங்கள் பழுதாம், போர்ட்டோ ஜோஃப்ரேக்கு வண்டி போகாதாம். ஆகஸ்ட் மாதம், அங்கே கடும் வறட்சிக் காலம். புழுதி பறக்கும் சாலையில் ஜீப்புகள் தெற்கே போய்க்கொண்டே இருந்ததை நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம்.

அன்று இரவுச் சாப்பாட்டில் பக்கத்து மேசைக்கு ஒரு ஜெர்மன் தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். அன்று மதியம்தான் போர்ட்டோ ஜோஃப்ரேயிலிருந்து கிளம்பி வந்தவர்கள். பாலமெல்லாம் நன்றாகவே இருக்கிறது என்றார்கள். கேமராவைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். நீர்நாய்க் கூட்டம் ஒன்று, நடுவில் ஒன்று நீருக்கு மேல் கழுத்தை நீட்டி வாயில் மீனோடு. அக்கா அந்தப் படத்தைப் பெரிதாக்கித் தொண்டைத் திட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து அறைக்குப் போய்விட்டார். அவர் தட்டில் சாப்பாடு அப்படியே இருந்தது.

நான் அங்கேயே வழிகாட்டியைப் பிடித்தேன். அவன் யாருக்கோ அழைத்துப் பேசிவிட்டு ஒரு புதிய வழி சொன்னான். தலைக்கு 350 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் ஒரே நாளில் போர்ட்டோ ஜோஃப்ரே போய்வரலாமாம்! அந்த மண் சாலையில் போகவே அரை நாள் ஆகும். போய்ச் சேரும்போது உச்சி வெயில், விலங்குகள் நிழலுக்குள் ஒதுங்கும் நேரம். படகில் ஏறி இறங்கியதும் திரும்ப வேண்டும். அக்கா ஒரே வார்த்தையில் மறுத்தார். "கட்டின பணத்துக்கே மறுபடியும் கட்டச் சொல்றான். கொடுத்தா அவங்க செஞ்சது சரின்னு ஆயிடும். வேண்டாம்டா."

மீதி நாட்கள் அந்த விடுதியைச் சுற்றித்தான். கேப்பிபாராக்கள் (எலி இனத்துப் பெரிய விலங்குகள்), கைமன்கள், பெரிய ஜபிரு நாரைகள், ஒரு ஜோடி நீல மக்காவ் கிளிகள் எல்லாம் பார்த்தோம். அழகான இடம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அந்த விடுதியிலேயே நேராக அறை எடுத்திருந்தால் இந்தப் பணத்தில் ஒரு சிறு பங்குகூட ஆகியிருக்காது.

குவாத்தோ கிராமத்தைப் பற்றிக் கேட்டபோதுதான் எனக்கு மிகவும் கசந்தது. பிரேசிலில் பழங்குடி நிலத்துக்குள் நுழைய ஃபுனாய் என்ற அரசு அமைப்பின் அனுமதி வேண்டும், அந்தச் சமூகத்தின் சம்மதமும் வேண்டும். இவர்கள் விண்ணப்பிக்கவே இல்லை என்று வழிகாட்டியே கைப்பேசியில் எழுதிக் காட்டினான். அழிந்துபோனவர்கள் என்று ஒரு காலத்தில் எழுதப்பட்ட மக்கள் அவர்கள், ஆற்றோடும் ஓடத்தோடும் வாழ்ந்தவர்கள். அவர்களுக்குத் தெரியாமலே அவர்கள் பெயரைப் போட்டு எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். கருவி செய்கிறவரின் பட்டறையும் இல்லை. ஒரு சாயங்காலம் விடுதி முற்றத்தில் இரண்டு இளைஞர்கள் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு ஆடினார்கள். 'பண்பாடு' முடிந்தது.

இனி அவர்கள் கைகழுவிய விதம். அங்கிருந்தே இணையத்தளத்துக்கு எழுதினேன். முதல் பதில்: "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம், உள்ளூர் நிறுவனத்தைத் தொடர்புகொள்ளுங்கள்." நிறுவனத்துக்கு எழுதினால்: "ஒப்பந்தம் இணையத்தளத்தோடு, அவர்களைக் கேளுங்கள்." மறுபடி இணையத்தளம்: "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே." ஒவ்வொரு முறையும் புது ஆள், புது எண், முதலிலிருந்து மொத்தக் கதையையும் சொல்ல வேண்டும். கடைசியாக நிறுவனத்திடமிருந்து ஒரு நீண்ட கடிதம் வந்தது. அதன் சாரம் இது: வனவிலங்குகளைப் பார்ப்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது, இயற்கை நம் கையில் இல்லை.

இதைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. ஜாகுவார் வரவில்லை என்று நாங்கள் புகார் சொல்லவே இல்லை. காட்டுக்குப் போகிற யாருக்கும் அது தெரியும், முதுமலைக்குப் போனால் புலி வந்து நிற்கும் என்று யார் எதிர்பார்க்கிறார்கள்? நாங்கள் கேட்டது விலங்கை இல்லை, இடத்தை. போர்ட்டோ ஜோஃப்ரேயில் 4 இரவு என்று எழுதிக் கொடுத்தீர்கள். அந்த ஊர் இயற்கையின் கையில் இல்லை, சாலையின் முடிவில் இருக்கிறது. வண்டியை எடுத்தால் போய்ச் சேரலாம். கூட்டிப் போகாததற்கும் விலங்கு வராததற்கும் என்ன சம்பந்தம்? இந்த ஒரு வரிக்குப் பின்னால்தான் இவர்கள் எல்லாரும் ஒளிந்துகொள்கிறார்கள். விதிமுறைகளில் அந்த வரி இருப்பதால் வேறு எதைக் கேட்டாலும் அதையே எடுத்து நீட்டுகிறார்கள்.

ரூ. 6,40,000-க்கு அவர்கள் தர முன்வந்தது, அடுத்த பயணத்தில் 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். நான் எழுதிய விமர்சனம் 'விதிகளுக்குப் பொருந்தவில்லை' என்று நீக்கப்பட்டது. அந்தப் பக்கத்தில் இருக்கும் ஐந்து நட்சத்திர விமர்சனங்களை இப்போது உட்கார்ந்து படித்தேன். முக்கால்வாசி குயாபாவிலிருந்து போய்வரும் ஒரு நாள் சுற்றுலாக்களைப் பற்றியவை. ஒரே நிறுவனம் என்பதால் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன். வங்கிக்குப் போக வேண்டும், அதனால் அவசரமாகச் சில:

மொத்தப் பணத்தையும் கடன் அட்டையிலேயே கட்டுங்கள். கணக்குக்கு அனுப்பினால் தள்ளுபடி என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஒவ்வொரு இரவும் தங்கும் விடுதியின் பெயரை எழுத்தில் வாங்குங்கள். 'அல்லது அதற்கு இணையானது' என்று இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கிளம்பும் முன் அந்த விடுதிக்கே எழுதி உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

பிரேசிலில் பயண நிறுவனங்களும் வழிகாட்டிகளும் கடாஸ்துர் என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். எண்ணைக் கேட்டு இணையத்தில் சரிபாருங்கள். பழங்குடிக் கிராமம் என்றால் ஃபுனாய் அனுமதியின் நகலைக் கேளுங்கள்.

அட்டையில் கட்டிய ரூ. 1,28,000-க்கு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். மீதி ரூ. 5,12,000-க்கு இதுவரை வழி தெரியவில்லை. பேருந்தில் வந்த ஒரு தமிழ்க் குடும்பம் தொடர்பு எண் கொடுக்காமலே பிரிந்துவிட்டது. இதைப் பார்த்தால் எனக்கு எழுதுங்கள், எல்லாரும் சேர்ந்து புகார் கொடுக்கலாம். அடுத்த சீசனுக்கு முன்பணம் கட்டிவிட்டவர்கள் யாராவது இருந்தால், மீதித் தொகையை அனுப்பாதீர்கள். முதலில் போர்ட்டோ ஜோஃப்ரே விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.