உப்புப் பாதையில் வாடகை சைக்கிள்: வண்டி ஜோர், வரைபடம் சொதப்பல்

ஜெர்மனியில் ஒரு காலத்தில் உப்பு போன வழி இது. லாவன்புர்க் ஊரில் சைக்கிள் எடுத்து, கால்வாய்க் கரையோடு லூபெக் நகரம் வரை மிதித்தோம். நானும் மச்சானும், இரண்டு நாள். வண்டியை லூபெக்கிலேயே விட்டுவிடலாம் என்றதால்தான் இந்தக் கடைக்குப் போனேன். குறையும் சொல்லப்போவதால் கடைப்பெயர் வேண்டாம்.

வண்டி அருமை. சீட் உயரம் பார்த்துக் கொடுத்தார்கள், பஞ்சர் சாமானும் பையில் இருந்தது. எரிச்சல் மூட்டியது கூடக் கொடுத்த வரைபடம். மேலே ‘பழைய உப்புப் பாதை’ என்று கொட்டை எழுத்து, உள்ளே முழுக்கக் காபிக் கடைகள். அதை நம்பிப் போனால் 1900-இல் திறந்த எல்பே-லூபெக் கால்வாயைத்தான் பார்ப்பீர்கள். நேர்கோடாக, சப்பென்று இருக்கும். உப்புப் படகு போன ஷ்டெக்னிட்ஸ் கால்வாய் வேறு.

லாவன்புர்க்கிலேயே அதன் பழைய மதகு ‘பால்ம்ஷ்லாய்ச’ இருக்கிறது. வரைபடத்தில் காணோம். மச்சான் போனில் தேடிக் கண்டுபிடிக்க, வந்த வழியே திரும்பினோம். 1724-இல் கல்லால் திருத்திக் கட்டியது. பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், ஒரு ஆள் வரவில்லை.

டெல்வெனாவ் ஆறு தெற்கே எல்பே ஆற்றுக்கு ஓடியது, ஷ்டெக்னிட்ஸ் ஆறு வடக்கே. நடுவில் மேடு. அதில் 11.5 கி.மீ. வெட்டி இரண்டையும் சேர்த்துவிட்டார்கள், அதுதான் ஷ்டெக்னிட்ஸ் கால்வாய். 1398 ஜூலையில் முதல் 30 உப்புப் படகுகள் லூபெக்கை எட்டின. அன்றைய மதகுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒற்றைக் கதவுதான். தண்ணீரைத் தேக்கித் திறந்துவிட்டால், பாயும் வெள்ளத்தோடு படகு இறங்கும். மறுபடி தண்ணீர் சேரும்வரை அடுத்த படகுக்காரர் கரையில் குந்தியிருக்க வேண்டியதுதான். நாங்கள் இரண்டு நாளில் போன தூரத்துக்கு அவர்களுக்கு வாரக்கணக்கு.

உப்பு, லாவன்புர்க்குக்குத் தெற்கே உள்ள லூனபுர்க் நகரத்துடையது. தூத்துக்குடி உப்பளத்தில் வெயில் செய்கிற வேலையை அங்கே விறகு செய்தது. நிலத்தடி உவர்நீரைக் காய்ச்சித்தான் எடுத்தார்கள். அது லூபெக்கிலிருந்து கப்பலேறி, இன்றைய தெற்கு சுவீடனின் ஸ்கோனா கரையில் ஹெர்ரிங் மீனுக்கு உப்புப் போடப் போனது. லூபெக்கில் பழைய நகர வாயிலான ஹோல்ஸ்டன் வாசலை ஒட்டி ஆறு உப்புக் கிடங்குகள் நிற்கின்றன. நாங்கள் நுழைந்ததில் துணி விற்கிறார்கள்!

ஐந்துக்கு மூன்றரை. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கவுண்டர் பையனிடம் மதகைப் பற்றிச் சொன்னேன். “அப்படியா?” என்று தன் பிரதியில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டான். எங்கள் பின்னால் நின்றவர்களுக்குப் பழைய வரைபடத்தையே எடுத்து நீட்டினான்.